புதிய கணினி எந்தக் குழுவில் சேர வேண்டும் என்பதை யார் முடிவு செய்வது?

கேள்வி: கொழிஞ்சாம்பாறையில் இயங்கும் எங்கள் மருத்துவமனைக்கு வேலந்தாவளத்திலும் கொல்லங்கோட்டிலும் கிளைகள் உள்ளன. மூன்று இடங்களிலும் சேர்த்து 86 விண்டோஸ் கணினிகள் ஒரே டொமைனில், அதாவது மையத்திலிருந்து நிர்வகிக்கும் ஒரே தொகுப்பில், இருக்கின்றன. விண்டோஸ் அப்டேட்டுகளைக் கணினிகளுக்குப் பகிரும் டபிள்யூ.எஸ்.யு.எஸ். (விண்டோஸ் சர்வர் அப்டேட் சர்வீசஸ்) சர்வர் வழியாக அப்டேட்டுகளை அனுப்புகிறோம். புதிதாகச் சேர்க்கும் கணினியும், விண்டோஸ் மறுபடி நிறுவிய கணினியும் 'அன்அசைன்டு கம்ப்யூட்டர்ஸ்' என்ற பட்டியலில் போய் விழுகின்றன. ஒவ்வொன்றையும் நான்தான் உரிய குழுவுக்கு மாற்றுகிறேன். மறந்துவிட்டால் அந்தக் கணினிக்கு மாதக்கணக்கில் அப்டேட் போவதில்லை. சென்ற மாதம் பில்லிங் கவுன்டர் கணினி ஒன்று தவறான குழுவில் இருந்ததால், நோயாளிகள் வரிசையில் நிற்கும்போதே ரீஸ்டார்ட் ஆகிவிட்டது. கோயம்புத்தூரிலிருந்து வரும் பராமரிப்பு ஒப்பந்தக்காரர், தானாகக் குழு பிரிக்கும் மென்பொருள் ஒன்றை, கணினிக்கு இவ்வளவு என்று ஆண்டுக் கட்டணத்தில் வாங்கச் சொல்கிறார். டபிள்யூ.எஸ்.யு.எஸ். காலமே முடிந்துவிட்டது என்றும் சொல்கிறார். வாங்கத்தான் வேண்டுமா?

பதில்: வாங்க வேண்டாம். நீங்கள் கேட்கும் வசதி, நீங்கள் ஏற்கெனவே பணம் கொடுத்து வாங்கிய விண்டோஸ் சர்வருக்குள்ளேயே பல ஆண்டுகளாக இருக்கிறது. அதைத் திறந்துவிடாமல் அதே வசதியை வேறு பெயரில் உங்களுக்கு விற்க வருகிறவரிடம் மற்ற வேலைகளை ஒப்படைக்கும்போதும் எச்சரிக்கையாக இருங்கள்.

அடிப்படையை மட்டும் சொல்கிறேன். மருத்துவமனையில் சேரும் நோயாளி எந்த வார்டுக்குப் போக வேண்டும் என்பதை வார்டு வாசலில் நிற்கும் காவலர் முடிவு செய்வதில்லை. அது அவர் கையில் இருக்கும் அனுமதிச் சீட்டிலேயே எழுதியிருக்கிறது. உங்கள் சர்வர் இப்போது சீட்டே இல்லாத நோயாளிகளை நிறுத்திவைத்துக்கொண்டு, நீங்கள் வந்து வழிகாட்டும்வரை காத்திருக்கிறது. ஒவ்வொரு கணினிக்கும் அதன் குழுப் பெயர் எழுதிய சீட்டை, டொமைன் கணினிகளுக்கு அமைப்புகளை மையத்திலிருந்து அனுப்பும் குரூப் பாலிசி மூலம் கொடுத்துவிட்டால், கணினி சர்வரைத் தொடர்புகொள்ளும்போது தன் குழுவைத் தானே சொல்லிவிடும். இதற்கான பாலிசியின் பெயர் 'எனேபிள் கிளையன்ட்-சைடு டார்கெட்டிங்'. கணினிக்குரிய பாலிசிகளில் விண்டோஸ் அப்டேட் என்ற தலைப்பின் கீழ் அது இருக்கும். அதை இயக்கிக் குழுவின் பெயரைத் தட்டச்சு செய்தால் பாலிசியின் பக்கத்து வேலை முடிந்தது.

சர்வர் பக்கத்தில் இரண்டு வேலைகள் உண்டு. பெரும்பாலோர் இடறுவது அங்கேதான். முதலாவதாக, டபிள்யூ.எஸ்.யு.எஸ். கன்சோலில் (நிர்வாகத் திரையில்) ஆப்ஷன்ஸ், அதற்குள் கம்ப்யூட்டர்ஸ் என்ற இடத்துக்குப் போய், கன்சோல் மூலம் குழு பிரிப்பது என்ற தேர்வை எடுத்துவிட்டு, குரூப் பாலிசி அல்லது ரிஜிஸ்ட்ரி (விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் இடம்) மூலம் பிரிப்பது என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இதைச் செய்யாதவரை கணினிகள் தங்கள் குழுப் பெயரை எத்தனை முறை சொன்னாலும் சர்வர் அதைக் காதில் போட்டுக்கொள்ளாது. இரண்டாவதாக, பாலிசியில் எழுதிய அதே பெயரில் ஒரு குழுவை நீங்களே சர்வரில் உருவாக்கியிருக்க வேண்டும். இல்லாத குழுவைச் சர்வர் தானாக உருவாக்காது. பெயரில் ஓர் எழுத்தோ ஓர் இடைவெளியோ மாறியிருந்தாலும் கணினி மறுபடி அந்த 'அன்அசைன்டு' பட்டியலுக்கே திரும்பிவிடும். பெயர்களைச் சுருக்கமாகவும் இடைவெளி இல்லாமலும் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, புதிய கணினிக்கு அந்தச் சீட்டு எப்படிப் போய்ச் சேர்கிறது என்பதைப் பார்ப்போம். டொமைனில் புதிதாகச் சேரும் கணினி, யாரும் வேறு ஏற்பாடு செய்யாவிட்டால், டொமைனின் பதிவேடான ஆக்டிவ் டைரக்டரியில் 'கம்ப்யூட்டர்ஸ்' என்ற பொதுப் பெட்டிக்குள் போய் உட்கார்ந்துவிடும். அந்தப் பெட்டி ஓ.யு. (பாலிசியை இணைக்கக்கூடிய உட்பிரிவு) அல்ல, அதனால் அதன்மேல் எந்தக் குரூப் பாலிசியையும் நேரடியாக இணைக்க முடியாது. நீங்கள் ஓ.யு.க்களில் எவ்வளவு அழகாகப் பாலிசி எழுதியிருந்தாலும் அந்தப் பெட்டிக்குள் இருக்கும் கணினியை அது தொடாது. பத்துப் பேர் என்னிடம் "பாலிசி வேலை செய்யவில்லை" என்று சொன்னால், அவர்களில் பாதிப் பேருடைய கணினிகளாவது அங்கேதான் கிடக்கும். இதற்கு வழி, புதிய கணினிகள் இயல்பாகப் போய் விழும் இடத்தை ஓர் உண்மையான ஓ.யு.வுக்குத் திருப்பிவிடுவதே, 'ரெடிர்கம்ப்' என்ற ஒற்றை வரிக் கட்டளை அதைச் செய்துவிடும். அந்த ஓ.யு.வுக்கு 'புதியவை' என்ற பொருளில் ஒரு பெயர் வைத்து, அதற்கென்று ஒரு டபிள்யூ.எஸ்.யு.எஸ். குழுவையும் உருவாக்கி, பாதுகாப்பு அப்டேட்டுகள் அந்தக் குழுவுக்குத் தானாக அனுமதி பெறும்படி ஒரு விதியை எழுதிவிடுங்கள். நீங்கள் மறந்துபோனாலும் கணினி அப்டேட் இல்லாமல் கிடக்காது. பிறகு ஆற அமர அதைச் சரியான ஓ.யு.வுக்கு நகர்த்தினால் போதும். குழு தானாக மாறும்.

குழுக்களை ஊர்வாரியாகப் பிரித்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். நம் பகுதியில் நான் பார்த்த நிறுவனங்கள் பெரும்பாலும் அப்படித்தான் செய்கின்றன. கொல்லங்கோடு, வேலந்தாவளம் என்று பிரிப்பது நிர்வாகத்துக்கு வசதிதான், அப்டேட்டுக்கு அது பொருந்தாது. பில்லிங் கவுன்டர் எந்த ஊரில் இருந்தாலும் பகலில் ரீஸ்டார்ட் ஆகக் கூடாது. கணக்கு அலுவலகக் கணினி எந்த ஊரில் இருந்தாலும் மாலை ஆறு மணிக்கு மேல் ஆனால் யாருக்கும் நட்டமில்லை. ஆகவே கவுன்டர், ஆய்வகம், அலுவலகம் என்று வேலைவாரியாகப் பிரியுங்கள். ஊர்க் கணக்கும் வேண்டுமென்றால் அதே பாலிசியில் இரண்டு குழுப் பெயர்களுக்கிடையே அரைப்புள்ளி வைத்து எழுதலாம். ஒரு கணினி இரண்டு குழுக்களிலும் காட்டும். ஸ்கேன் கருவியோடு இணைந்த கணினிகளை மட்டும் தனிக் குழுவாக வைத்து, கருவி நிறுவனத்தார் எழுத்தில் ஒப்புதல் தராமல் எதையும் அனுமதிக்காதீர்கள்.

கவுன்டர் பட்டப்பகலில் ரீஸ்டார்ட் ஆனதற்கு அது தவறான குழுவில் இருந்தது மட்டும் காரணமாக இருக்காது. அந்தக் குழுவுக்கு அப்டேட்டை அனுமதிக்கும்போது யாரோ 'டெட்லைன்' என்ற கெடு தேதியையும் சேர்த்துக் கொடுத்திருக்கக்கூடும். கெடு தாண்டிய அப்டேட் யாருடைய வசதியையும் பார்க்காமல் நிறுவிக்கொள்ளும், தேவைப்பட்டால் ரீஸ்டார்ட்டும் செய்துவிடும். மைக்ரோசாஃப்ட் தன் மாதாந்திர அப்டேட்டுகளை ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வெளியிடுகிறது. நமக்கு அது செவ்வாய் இரவு. புதன் காலையில் வந்து எல்லாக் குழுக்களுக்கும் ஒரேயடியாக அனுமதி கொடுத்து, கெடுவையும் வைத்துவிட்டுப் போகும் பழக்கம் ஒப்பந்தக்காரர்களிடம் உண்டு. அவர்களுக்கு அன்றைய வருகையைக் கணக்கில் எழுத வேண்டும், அவ்வளவுதான்.

இப்போது ஒரு விதிவிலக்கை விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் மேலே சொன்ன அனைத்தையும் சரியாகச் செய்த பிறகும் உங்களைத் தூங்கவிடாமல் செய்யப்போவது அதுதான். உங்கள் 86 கணினிகளில் பல, ஒரே ஹார்டு டிஸ்க்கை நகலெடுத்து, அதாவது குளோன் செய்து, உருவாக்கப்பட்டவையாக இருக்கலாம். விற்பனையாளர் ஒரு கணினியில் விண்டோஸையும் மற்ற மென்பொருள்களையும் நிறுவி, அதை அப்படியே இருபது கணினிகளுக்கு நகலெடுத்துவிட்டு, இருபதுக்கும் தனித்தனியாக நிறுவியதாகக் கூலி வாங்கிப் போவது நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் வழக்கம். நகலெடுப்பதே குற்றமென்று சொல்லவில்லை. நகலெடுக்கும் முன் 'சிஸ்பிரெப்' என்ற கருவியை ஓட்டி, கணினியின் அடையாளங்களை நீக்க வேண்டும். இவர்கள் அதை ஓட்டுவதில்லை. டபிள்யூ.எஸ்.யு.எஸ். ஒரு கணினியை அதன் பெயரை வைத்து அடையாளம் காண்பதில்லை. ரிஜிஸ்ட்ரியில் இருக்கும் 'சஸ்கிளையன்ட்ஐடி' என்ற நீண்ட எண்ணை வைத்தே காண்கிறது. இருபது கணினிகளும் ஒரே எண்ணைச் சொன்னால் சர்வரின் கண்ணுக்கு அவை ஒரே கணினிதான். காலையில் 'கவுன்டர் 3' என்று காட்டிய வரி, மதியம் 'ஆய்வகம் 1' என்று காட்டும். குழுவும் அதோடு மாறும். நீங்கள் பாலிசியைத்தான் சந்தேகிப்பீர்கள்.

எல்லைப் பகுதியில் உள்ள ஒரு பள்ளிக்கூடத்தில் இதே சிக்கலுக்காக நான் இரண்டு நாள் செலவிட்டேன். அறையில் 40 கணினிகள் இருந்தன, கன்சோலில் ஆறுதான் தெரிந்தன. மீதி 34 கணினிகள் நெட்வொர்க்கிலேயே இல்லை என்று சொல்லி, கேபிள் முழுவதையும் மாற்ற ஒரு விலைப்புள்ளியும் தயாராக இருந்தது. அதனால் உங்களிடம் முதலில் ஓர் எண்ணிக்கை கேட்கிறேன். மூன்று கட்டடங்களிலும் நடந்துபோய்க் கணினிகளை எண்ணுங்கள். கன்சோலில் அதைவிடக் குறைவாகத் தெரிந்தால், வரிகளின் பெயர் நாளுக்கு நாள் மாறினால், சந்தேகமே வேண்டாம், குளோன்தான். ஒவ்வொரு கணினியிலும் விண்டோஸ் அப்டேட் சேவையை நிறுத்தி, ரிஜிஸ்ட்ரியில் அந்த எண்ணையும் அதோடு சேர்ந்த 'சஸ்கிளையன்ட்ஐடிவேலிடேஷன்' என்பதையும் நீக்கி, சேவையை மறுபடி தொடங்கினால், கணினி தனக்கென்று புதிய எண்ணை உருவாக்கிக்கொள்ளும். ஒரு சிறு ஸ்கிரிப்ட் எழுதிப் பாலிசி மூலமே எல்லாக் கணினிகளிலும் இதைச் செய்யலாம். ஆனால் ஒரே ஒருமுறை ஓடும்படி எழுதுங்கள், ஒவ்வொரு முறை கணினி இயங்கத் தொடங்கும்போதும் எண்ணை அழித்தால் சர்வரில் செத்த வரிகள் குவிந்துவிடும்.

மாற்றங்களைச் செய்தவுடன் கன்சோலைப் பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள். பாலிசி கணினிக்குப் போய்ச் சேர 90 நிமிடமும், அதற்கு மேல் அரை மணி நேரம் வரையும் ஆகலாம். அதற்குப் பிறகு கணினி சர்வரைத் தொடர்புகொள்வது வழக்கமாக ஏறத்தாழ 22 மணி நேரத்துக்கு ஒருமுறைதான். இன்று மாற்றியது நாளை மாலைக்குள் தெரியும். அதற்குள் பொறுமை இழந்து மூன்று இடங்களில் மாற்றினால் எது வேலை செய்தது என்பதே தெரியாமல் போகும்.

டபிள்யூ.எஸ்.யு.எஸ். காலம் முடிந்துவிட்டது என்ற பேச்சுக்கு வருகிறேன். 2024 செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட் இனி இதில் புதிய வசதிகளைச் சேர்ப்பதில்லை என்று அறிவித்தது உண்மை. அதை நிறுத்திவிட்டதாக அறிவிக்கவில்லை. விண்டோஸ் சர்வர் 2025 பதிப்பிலும் அது இருக்கிறது. அந்தப் பதிப்புக்கான ஆதரவு 2034 வரை நீள்கிறது. பாதி உண்மையைச் சொல்லிப் பயமுறுத்தி விற்பது எனக்குக் கோபம் வரவழைக்கிறது, ஏனென்றால் இதே ஆட்கள்தான் டொமைனில் சேரவே முடியாத விண்டோஸ் ஹோம் பதிப்பு லேப்டாப்புகளை நிறுவனங்களின் தலையில் கட்டுகிறார்கள். ஹோம் பதிப்புக் கணினிக்குக் குரூப் பாலிசி கிடையாது, ஆகவே தானாகக் குழுவும் கிடையாது. கொள்முதல் ஆணையில் புரொஃபஷனல் பதிப்பு என்று எழுதாமல் 'விண்டோஸுடன்' என்று மட்டும் எழுதினால் வந்து சேர்வது ஹோம்தான். குறைந்த விலைப்புள்ளிக்கே ஒப்பந்தம் என்ற நடைமுறை இருக்கும்வரை இது தொடரத்தான் செய்யும்.

இதையெல்லாம் சிறு விஷயம் என்று உங்கள் நிர்வாகம் நினைத்தால், 2017-ஐ நினைவூட்டுங்கள். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை தாக்குதலைத் தடுக்கும் அப்டேட் அந்த ஆண்டு மார்ச் 14 அன்றே வெளிவந்துவிட்டது. தாக்குதல் நடந்தது மே 12-இல். இடையில் ஏறத்தாழ இரண்டு மாதம் இருந்தது. நம் பாலக்காட்டு ரயில்வே கோட்ட அலுவலகக் கணினிகளும் பாதிக்கப்பட்டவற்றில் அடங்கும். கண்ணில் படாத பட்டியலில் அப்டேட் இல்லாமல் கிடக்கும் ஒரு கணினி, மற்ற 85-க்கும் வாசல் திறந்துவிடும். தணிக்கைக்கு வருகிறவர்கள் ஆன்டிவைரஸ் சான்றிதழின் அச்சுப்படியைக் கேட்டு வாங்கிக் கோப்பில் வைக்கிறார்கள். அந்தப் பட்டியலில் எத்தனை கணினிகள் கிடக்கின்றன என்று இதுவரை ஒருவரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

ஆயிரக்கணக்கில் கணினிகள் உள்ள இடங்களில் கான்ஃபிகரேஷன் மேனேஜர் என்ற பெரிய மென்பொருளை வைத்து, கணினியின் மாடல், நிறுவிய மென்பொருள் ஆகியவற்றை நிபந்தனையாகக் கொடுத்துக் குழு பிரிப்பார்கள். உங்களுக்கு அது தேவையில்லை.

தொடங்கும் முன் ஒன்றை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். டொமைன் அட்மின் பாஸ்வேர்டு உங்கள் மருத்துவமனையின் கையில் இருக்கிறதா, ஒப்பந்தக்காரர் கையில் மட்டும் இருக்கிறதா? அவர் கையில் மட்டும் இருந்தால் நான் மேலே எழுதிய ஒரு வரியைக்கூட உங்களால் செய்ய முடியாது. அவரோ, செய்ய முடியாது என்று சொல்லி மென்பொருளை விற்றுவிடுவார். மென்பொருள் வேண்டாம் என்ற பதிலைச் சொல்வதற்கு முன்பே, பராமரிப்பு ஆவணங்களுக்காக என்று சொல்லி அந்தப் பாஸ்வேர்டை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அதைக்கொண்டு உங்கள் பெயரில் தனி அட்மின் கணக்கு ஒன்றைத் தொடங்கி, அது வேலை செய்கிறதா என்று உள்ளே நுழைந்து பார்த்த பிறகு அவருக்குப் பதில் அனுப்புங்கள்.