துபாயில் ஒரு நாள் மிஞ்சினால், கோடையில் அபுதாபி பக்கத்து அல் ஐன் நகருக்குப் போய் வரலாமா?

தாராளமாகப் போகலாம். ஆனால் கொழும்பு வெயில் பழகினவர்களுக்கு இதெல்லாம் பெரிதில்லை என்று மட்டும் நினைக்காதீர்கள். வெள்ளவத்தையில் வியர்வை உடம்பிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். கடலை விட்டுத் தள்ளியிருக்கும் அல் ஐனில் காற்று காய்ந்தது, வியர்வை வந்த கையோடு உலர்ந்துவிடும், அதனால் உடம்பிலிருந்து எவ்வளவு தண்ணீர் போகிறது என்றே தெரியாது. தாகம் இல்லாவிட்டாலும் குடித்துக்கொண்டே இருங்கள். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 முதல் 3 மணி வரை வெட்டவெளியில் வேலை வாங்கவே அங்கே தடை, அந்த நேரம் நீங்களும் உள்ளேயே இருங்கள்.

காலையில் நேரத்தோடு பேரீச்சந்தோப்புக்குப் போய்விடுங்கள். 2011இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த இடங்களில் அதுவும் ஒன்று. மேலே பேரீச்சை, அதன் நிழலில் மாமரம், கீழே ஈரமண். பம்பு இல்லாத காலத்திலேயே தூரத்து நிலத்தடி நீரைச் சரிவை மட்டும் நம்பி வாய்க்காலில் கொண்டுவந்து, மடையைத் திறந்தும் அடைத்தும் முறை வைத்துப் பாய்ச்சியிருக்கிறார்கள். ஃபலஜ் என்பது அதுதான், எனக்கு துபாயின் உயரக் கட்டடங்களைவிட இதுதான் பெரிய ஆச்சரியம்!

மாலையில் ஜெபல் ஹஃபீத் மலை, உச்சிவரை தார்ச்சாலை. அப்புறம், இலங்கைக் கடவுச்சீட்டுக்கு விமான நிலையத்தை விட்டு வெளியே வரவே வீசா வேண்டும், முன்கூட்டியே எடுத்துவிடுங்கள்.