டிராகனுக்கு அடியில் இருக்கும் சின்ன எழுத்து

அன்புள்ள ஐயா,

ஹாங்காங் ஹாலிவுட் ரோட்டில் பழம்பொருள் கடை ஒன்றில் ஒரு வெள்ளித் தேநீர்க் கூஜாவைப் பார்த்தேன். உடம்பு முழுக்க டிராகன். அடியில் 'டபிள்யூ எச்', '90' என்று முத்திரை. பக்கத்தில் பொடியாகச் சீன எழுத்து. யாரோ ஓர் ஆங்கிலேயர் 1890இல் செய்ததா?

— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

ஆங்கிலேயரும் இல்லை, ஆண்டும் இல்லை. 'டபிள்யூ எச்' என்றால் வாங் ஹிங். கான்டனிலும் (இன்றைய குவாங்சோ) ஹாங்காங் குயின்ஸ் ரோட்டிலும் பெயர் பெற்றிருந்த சீனக் கடை. அது ஆளின் பெயரும் அல்ல. விரிந்து தழைக்கட்டும் என்று வைத்த மங்கலப் பெயர்.

'90' என்பது மாற்று: நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வெள்ளி. சீனாவில் இங்கிலாந்தைப்போல வெள்ளியைச் சோதித்து முத்திரையிடும் அலுவலகம் கிடையாது, கடைக்காரர் வாக்குதான் உறுதி. தேயிலைக்கும் பட்டுக்கும் விலையாக வந்த ஸ்பானிய, மெக்சிகோ நாணயங்களின் மாற்றும் ஏறத்தாழ அதே 90தான். ஒவ்வொன்றும் சுமார் 27 கிராம். பட்டறைகளில் உருகியவை பெரும்பாலும் அவைதான்.

1757 முதல் 1842 வரை மேலைநாட்டுக் கப்பல்களுக்குக் கான்டன் ஒன்றே துறைமுகம். கப்பல்காரர்கள் இங்கிலாந்துக் கரண்டியை மாதிரிக்குக் கொடுத்தால், பத்தர்கள் அதிலிருந்த சிங்க முத்திரையையும் (இங்கிலாந்தில் வெள்ளியின் தரத்துக்கு இடும் அடையாளம்) சேர்த்தே அடித்துக் கொடுத்தார்கள். பின்னாளில் அவற்றை ஆங்கில வெள்ளி என்றே நம்பி வைத்திருந்தவர்கள் பலர். 1842இல் சீனாவும் பிரிட்டனும் செய்த நான்கிங் உடன்படிக்கைக்குப் பிறகு ஹாங்காங்கும் ஷாங்காயும் எழுந்தன. டிராகன், மூங்கில், செவ்வந்தி எல்லாம் கூஜாமேல் தாராளமாக ஏறியது அதற்கப்புறம்தான்.

இனி அந்தச் சின்ன எழுத்து. என் மனம் அங்கேதான் நிற்கிறது. வாங் ஹிங் போன்ற கடைகள் பல பட்டறைகளிலிருந்து சரக்கு எடுத்தன. அந்த எழுத்து பட்டறையின் அடையாளம். ஒரே பட்டறை எழுத்து வேறு வேறு கடைகளின் முத்திரையோடு கிடைப்பதும் உண்டு. கூஜாவுக்குள் கீல் ஊற்றி இறுகவைத்து, உளியைச் சாய்த்துச் சாய்த்துத் தட்டி, செதில் செதிலாக டிராகனை எழுப்பியவர் அங்கே இருந்தவர். ஏல அட்டவணைகள் கடைப்பெயரைப் பெரிதாகப் போட்டுவிட்டு இந்த எழுத்தைக் கடைசி வரிக்குத் தள்ளுவது எனக்குப் பொறுக்கவில்லை. குடும்பத் தொழிலின் வரலாறு என்று தேடுகிறவர்கள் கடை முதலாளியின் வம்சத்தோடு நின்றுவிடுகிறார்கள். அப்பாவிடம் பிள்ளை உளி பிடிக்கக் கற்ற வீடுகள் இந்த எழுத்துகளுக்குப் பின்னால் இருக்கின்றன.

மறுபடி அந்தக் கடைக்குப் போனால் கூஜாவைக் கவிழ்த்து, அந்த எழுத்தை மட்டும் கிட்டத்தில் படமெடுத்து அனுப்புங்கள். கைப்பிடி உடலோடு சேரும் இடத்தில் எலும்பு வில்லை இருக்கிறதா என்றும் பாருங்கள். கொதிக்கும் தேநீரின் சூடு கைக்கு ஏறாமலிருக்க வைப்பது அது.

அன்புடன்.