சம்பந்தி மூக்கைச் சிந்தினால்...

கேள்வி: ஜெர்மனியில் வேலை பார்க்கும் என் மகன் அங்கேயே பெண் பார்த்துவிட்டான். தை மாதம் இங்கே கல்யாணம். பெண்ணின் அப்பாவும் அம்மாவும் எட்டு நாள் எங்கள் ஃபிளாட்டில் தங்குகிறார்கள். வீடியோ காலில் சம்பந்தி எங்கள் எதிரிலேயே சத்தமாக மூக்கைச் சிந்தி, மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து 82 வயது மாமியார், "தண்ணி தொடாத ஜனங்க, ஓட்டல்ல தங்கட்டும்" என்கிறார். என்ன செய்ய?
– வாசகி, மேற்கு மாம்பலம்

பதில்: முதலில் அந்த மூக்கு. ஜெர்மன்காரர்களுக்கு மூக்கை உறிஞ்சுவதுதான் அநாகரிகம். பலமாக ஒருமுறை சிந்தி முடித்துவிட்டால் தப்பில்லை. அப்படி ஒரு வீட்டு விருந்தில், சளியோடு, ரொம்ப நாகரிகமாக உறிஞ்சிக்கொண்டே சாப்பிட்டவன் நான். வீட்டுக்கார அம்மாள் மூன்று தடவை டிஷ்யூவை என் பக்கம் நகர்த்தினார். மூன்று தடவையும் நன்றி சொல்லி வாயைத் துடைத்துக்கொண்டேன். ஜப்பானில் கதை தலைகீழ், நாலு பேர் எதிரில் சிந்துவதுதான் அங்கே தப்பு. சம்பந்தியின் பாக்கெட்டுக்குப் போனது காகிதக் கைக்குட்டையாக இருக்கும். 1929-இல் வந்த ஒரு பிராண்டின் பெயரால் அதை அங்கே 'டெம்போ' என்பார்கள். மாமியாரிடம் இந்தப் பெயரைச் சொல்லிவிடாதீர்கள், பாக்கெட்டுக்குள் வண்டி எப்படிப் போகும் என்பார்.

தண்ணீர் விஷயத்தில் என் ஓட்டு மாமியாருக்கே. இத்தாலியில்கூட வீட்டுக்கு வீடு கழுவிக்கொள்ளும் தொட்டி வேண்டும் என்று 1975-லேயே விதி போட்டுவிட்டார்கள். ஆனால் சம்பந்தியம்மா நம் பாத்ரூமைப் பார்த்து முகம் சுளிப்பார், தெரியுமா? ஈரத் தரைக்காக. அங்கே குளிக்கிற இடம் தவிர மற்றதெல்லாம் காய்ந்தே கிடக்கும். ஒரு வைப்பர், இரண்டு ஜோடி ரப்பர் செருப்பு, ஒரு டாய்லெட் ரோல், மூடி போட்ட குப்பைக்கூடை வாங்கி வையுங்கள். ஈர டிஷ்யூ கூடைக்குத்தான் போக வேண்டும். கோப்பைக்குள் போட்டால் முகூர்த்தத்தன்று அடைப்பெடுக்க ஆள் தேட வேண்டியிருக்கும். இன்னொன்று, அங்கே பல வீடுகளில் ஆண்களும் உட்கார்ந்துதான் சிறுநீர் கழிக்க வேண்டும். நின்று போய்ப் பளிங்குத் தரையைக் கெடுத்தார் என்று வீட்டுக்காரர் அட்வான்ஸில் கைவைக்க, 2015-இல் டுசல்டார்ஃப் நீதிமன்றம் வரை வழக்கு போனது. ஜெயித்தது குடியிருந்தவர்தான். உங்கள் வீட்டு ஆண்கள் காதிலும் இதைப் போட்டுவையுங்கள், பாத்ரூம் பொதுவாயிற்றே.

உங்கள் வீட்டில் நிஜமாகவே சண்டை வரக்கூடிய இடம் சாப்பாட்டு மேஜை. 'எச்சில்' என்ற சொல்லை அவர்களுக்குப் புரிய வைப்பது லேசில்லை. வாயில் ஊறும் எச்சிலுக்கு அவர்களிடம் வார்த்தை உண்டு. வாய் பட்ட கரண்டி மறுபடி பாத்திரத்துக்குள் போனால் மொத்தக் குழம்பும் எச்சிலாகிவிடும் என்பதற்குத்தான் வார்த்தை இல்லை. சம்பந்தியம்மா கணவர் தட்டிலிருந்து தன் ஃபோர்க்கால் ஒரு வாய் எடுப்பார், அது அங்கே பிரியம். மாமியார் எழுந்தே போய்விடுவார்.

இதில் நாம் வேறு குழப்புவோம். இடது கை ஆகாது என்று மகன் சொல்லிக் கூட்டிவருவான். அவர்களும் அதை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு, ரசஞ்சாதம் வழியும் வலது கையால் கரண்டியைப் பிடிப்பார்கள். உடனே நாம், "ஐயோ, அந்தக் கையால் தொடாதீங்க, எச்சில்! இடது கையால் எடுங்க" என்போம். யோசித்துப் பாருங்கள், அந்த மனுஷன் என்னதான் செய்வார்? எட்டு நாளும் நீங்களே பரிமாறிவிடுங்கள். ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். அண்ணாந்து குடிக்கச் சொன்னால் சட்டைதான் நனையும். பல் தேய்க்கவும் கேன் தண்ணீரே கொடுங்கள்.

குளிக்காமல் அடுப்படிக்குள் வருவது பற்றி மாமியார் அடுத்து கேட்பார். காலைக் காபியை ஹாலுக்கே கொண்டுபோய்விட்டால் அந்தப் பேச்சே எழாது. அப்புறம், உங்கள் கணவர் விடிகாலையில் நாக்கு வழிக்கும்போது ஓங்கரிப்பவராக இருந்தால் கதவைச் சாத்திக்கொள்ளச் சொல்லுங்கள். சம்பந்தி ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிடப்போகிறார்.

இதையெல்லாம் நீங்கள் வாசலில் நின்று விளக்க வேண்டாம், கூச்சமாக இருக்கும். அவர்கள் விமானம் ஏறுவதற்கு முன்பே மகன் சொல்லட்டும். பெண் தேடியது அவன்தானே.