இரண்டே நாளில் திரும்பி வந்த கணிதக் கட்டுரை

நீங்கள் இதழுக்கு அனுப்பிய கணிதக் கட்டுரையை இரண்டே நாளில் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்பதால், உங்கள் நிறுவலில் பிழை என்று அர்த்தமில்லை. அவ்வளவு சீக்கிரம் திரும்பியதென்றால், அது மதிப்பீட்டாளர் கைக்கே போயிருக்காது. திருகோணமலை கோணேசபுரியில் பகல் முழுக்க விரிவுரை, இரவில் ஆய்வு என்று எழுதிய முதல் கட்டுரை, தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

கட்டுரை கிராஃப் லேபலிங் பற்றியது என்கிறீர்கள், அதாவது வரைபின் (கிராஃப்) புள்ளிகளுக்கோ கோடுகளுக்கோ விதிப்படி எண்ணிடுவது. அங்கே வழக்கமாக இடறுவது, அதே வரைபுக் குடும்பத்துக்கு வேறு யாரோ முன்பே நிறுவியிருப்பது. இந்தத் துறையின் முடிவுகளைத் திரட்டித் தரும் ஜோசப் காலியனின் தொகுப்புரை எலெக்ட்ரோனிக் ஜேர்னல் ஒஃப் கொம்பினடோரிக்ஸ் இதழில் இலவசம். உங்கள் வரைபின் பெயரை அதில் தேடுங்கள். அப்புறம் இஸட்பிமேத் ஓப்பன் (zbMATH Open) என்ற கணித ஆய்வுத் தரவுத்தளத்தில், கிராஃப் லேபலிங்குக்கான 05சி78 (05C78) என்ற வகைப்பாட்டு எண்ணோடு தேடுங்கள். 2021 முதல் அதுவும் இலவசம்.

புதியதுதான் என்றாலும், ஒரே குடும்பத்துக்கான முடிவை நல்ல இதழ்கள் எடுப்பது அரிது. பொதுமைப்படுத்த முடியுமா பாருங்கள். காசு கட்டினால் உடனே போடும் இதழ் பக்கம் மட்டும் போகாதீர்கள். பதவி உயர்வு நேரத்தில் அதுவே கேள்வியாக வந்து நிற்கும்.