"படிச்சும் மீன்தானா?" என்கிறாள் மகள்

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு, எங்களுக்கு மண்டபம். வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறார், நான் நண்டு கம்பெனியில் வேலை பார்க்கிறேன். மூத்த மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளிதான், இந்த வருடம் பிளஸ் டூவில் பயோ-மேத்ஸ் குரூப்பில் நல்ல மார்க் எடுத்திருக்கிறாள். மீன்பிடித் தடைக்காலத்தில் அவர் கரையில் இருந்ததால் மூன்று பேரும் போய் மூன்று கல்லூரியைப் பார்த்துவிட்டு வந்தோம். சென்னைக்குப் பக்கத்தில் ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகம், அங்கே கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு அட்மிஷன் லெட்டரே கொடுத்துவிட்டார்கள். ஃபீஸ், ஹாஸ்டல் எல்லாம் சேர்த்து வருடத்துக்கு மூன்றே முக்கால் லட்சம், உடனே பணம் கட்டினால்தான் சீட் நிற்குமாம். அப்புறம் தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி, காரைக்குடி அழகப்ப செட்டியார் அரசு பொறியியல் கல்லூரி. இந்த இரண்டும் கவுன்சிலிங்கில் கிடைக்கும் என்று பள்ளியில் சொல்கிறார்கள். மகள் சென்னையைப் பார்த்ததிலிருந்து அதே பேச்சு. அவருக்குக் காரைக்குடி, ரயில் ஏறினால் வீடு வந்துவிடலாம் என்கிறார். எனக்கு மீன்வளம். அங்கே தொட்டிகளுக்குப் பக்கத்தில் நின்று அவள்தான் ரொம்ப நேரம் கேள்வி கேட்டாள். ஆனால் அதைச் சொன்னால் "படிச்சும் மீன்தானா?" என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். நான் என்ன செய்ய?
— பெயர் வேண்டாம், மண்டபம்

பதில்: சகோதரி, முதலில் அந்தப் பணத்தைக் கட்டாதீர்கள். மற்றதைப் பிறகு பேசலாம், இது அவசரம்.

கவுன்சிலிங் முடிவு வருவதற்குள் பெற்றோர் கையிலிருந்து பணம் வாங்கிவிட வேண்டும் என்பதுதான் இந்த "உடனே கட்டுங்கள்" என்பதன் அர்த்தம். அதுவும் நம் கரையில் அது எந்த நேரத்தில் வருகிறது பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, வீட்டில் இருந்த கொஞ்ச நஞ்சமும் கரைந்திருக்கும், கழுத்தில் காதில் கிடப்பது அடகுக் கடைக்குப் போயிருக்கும். சரியாக அந்த மாதங்களில்தான் பிளஸ் டூ ரிசல்ட்டும் அட்மிஷனும். ஆழம் தெரியாமல் காலை விட்டுவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன், கணக்கைப் பார்த்துவிடுவோம்.

வருடத்துக்கு 3.75 லட்சம் என்றால் நான்கு வருடத்தில் 15 லட்சம். இது ஃபீஸ் ஏறாமல் இருந்தால். கல்விக் கடனில் படிப்பு முடிந்து ஒரு வருடம் வரை தவணை கேட்க மாட்டார்கள், ஆனால் வட்டி ஏறிக்கொண்டுதான் இருக்கும். 10 சதவீதம் என்று வைத்தால் தவணை தொடங்கும்போது அந்த 15 லட்சம் ஏறக்குறைய 20 லட்சமாக நிற்கும். அதை 15 வருடத்தில் அடைக்க மாதம் 21,000 ரூபாய்க்கு மேல் போகும். முதல் வேலையில் பிள்ளை வாங்குகிற சம்பளத்தில் 21,000 எடுத்து வைத்துவிட்டு, சென்னையில் வாடகையும் கொடுத்துவிட்டு, மீதியில் என்ன சாப்பிடுவாள்? வழக்கமான கல்விக் கடனில் 7.5 லட்சத்துக்கு மேல் போனால் வங்கி பொதுவாகச் சொத்து ஜாமீன் கேட்கும். 2024 நவம்பரில் வந்த பிஎம் வித்யாலக்ஷ்மி திட்டத்தில் ஜாமீன் வேண்டாம், வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால் 10 லட்சம் வரையிலான கடனுக்கு 3 சதவீத வட்டிச் சலுகையும் உண்டு. ஆனால் அது தேர்ந்தெடுத்த கல்லூரிகளுக்கு மட்டும்தான். அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று அட்மிஷன் ஆபீசில் கேட்காமல் உங்கள் வங்கியில் கேளுங்கள்.

இப்போது, நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிக்கு வருகிறேன். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி என்றீர்களே, உங்கள் கடிதத்திலேயே பெரிய செய்தி அதுதான். 2021-ல் வந்த சட்டப்படி பொறியியல், வேளாண்மை, மீன்வளம், கால்நடை, சட்டம் இவற்றில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத இடம் தனியாக உண்டு. அதில் சேர்ந்தால் கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசே கட்டுகிறது. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்கில் வரும். ஆக தூத்துக்குடியோ காரைக்குடியோ, இந்த ஒதுக்கீட்டில் கிடைத்தால் உங்கள் கையிலிருந்து போவது பெரும்பாலும் பஸ் காசும் புத்தகச் செலவும்தான். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்று, சாதிச் சான்று, உங்கள் வீட்டில் இவள்தான் முதல் பட்டதாரி என்றால் அதற்கான சான்று, எல்லாவற்றையும் இ-சேவை மையத்துக்குப் போய் இந்த வாரமே சரிபார்த்துக்கொள்ளுங்கள். அலைச்சல் மிச்சம்.

இந்தக் கணக்கை மகளிடம் மறைக்காதீர்கள். "உனக்கு ஏன் அந்தக் கவலை" என்று சொல்வது நம் வீடுகளில் பாசம்தான், ஆனால் பதினேழு வயதுப் பிள்ளைக்குக் கணக்கு புரியும். ஒரு நோட்டில் எழுதி முன்னால் வையுங்கள். அப்பாவும் கூட உட்காரட்டும்.

சரி, அவள் சொன்ன வார்த்தைக்கு வருவோம். அந்தக் கேள்வியை நீங்கள் திமிர் என்று எடுத்துக்கொள்ளவில்லை என்பது உங்கள் எழுத்திலேயே தெரிகிறது, அது எனக்கு நிம்மதி. நண்டு ஓடு கீறிய உங்கள் விரலைத் தினமும் பார்க்கிற பிள்ளை. படகு திரும்பாத இரவில் இலங்கைக் கடற்படை யாரையோ பிடித்தது என்று சேதி வந்தால் தெருவே விழித்திருப்பதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை. அவள் ஓட நினைப்பது அதைவிட்டுத்தான், அதில் தப்பே இல்லை. ஆகவே "நம்ம தொழில்ல என்ன கேவலம்" என்று வாதாடாதீர்கள். அவளுக்குத் தெரியாதது ஒன்றுதான்: அந்த நான்கு வருடப் படிப்பில் யாரும் அவளைப் படகில் ஏறச் சொல்லவில்லை. மீன் குஞ்சு பொரிப்பகம், இறால் பண்ணையில் நோய் கண்டுபிடிப்பது, தீவனம், ஏற்றுமதிக்குப் போகிற சரக்கின் தரச் சோதனை என்று அது வேறொரு உலகம். டிஎன்பிஎஸ்சி வழியாக மீன்வளத் துறையில் ஆய்வாளர் வேலைக்கும் அந்தப் பட்டம் வழி திறக்கும்.

இதை நீங்கள் சொன்னால் அம்மா பேச்சாகத்தான் படும். உங்கள் ஊரிலேயே மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் இருக்கிறதே, 1947-ல் தொடங்கிய அந்த நிறுவனத்தின் தலைமையகம் முன்பு மண்டபத்தில்தான் இருந்தது, பிறகுதான் கொச்சிக்குப் போனது. கடல் விரால் மீனை வளர்ப்பு நிலையத்தில் முட்டையிட வைத்து நாட்டிலேயே முதன்முதலாக வெற்றி கண்டது 2010-ல், அதே மண்டபத்தில். பள்ளி ஆசிரியர் யாரையாவது பிடித்து அனுமதி வாங்கி அவளை ஒரு நாள் உள்ளே அனுப்புங்கள். நீங்கள் போக வேண்டாம். அங்கே வேலை பார்க்கிற இளம் பெண்களிடம் என்ன படித்தீர்கள், காலையில் வந்தால் என்ன செய்வீர்கள், சம்பளம் போதுமா என்று அவளே கேட்கட்டும். அப்படியும் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். தொட்டிப் பக்கத்தில் நின்று கேள்வி கேட்டாள் என்பதை வைத்து மட்டும் முடிவு கட்ட வேண்டாம். தெரிந்த விஷயத்தில் யாருக்குமே கேள்வி வரும்.

கல்லூரி பார்த்ததைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் போனது விடுமுறையில். சென்னையில் ஆளைப் போட்டுச் சுற்றிக் காட்டியிருப்பார்கள், ஏசி ஹால், கண்ணாடிக் கட்டடம், வேலைக்குப் போனவர்களின் ஆளுயரப் படங்கள். அரசுக் கல்லூரியில் அதெல்லாம் யார் செய்வார்? வாட்ச்மேன் வழி சொன்னதே பெரிசு. ஆகவே அவள் பார்த்தது மூன்று கல்லூரியை அல்ல, ஒரு விருந்தையும் இரண்டு பூட்டிய வீட்டையும். கல்லூரி திறந்தபின் ஒரு வேலை நாளில் தூத்துக்குடிக்கும் காரைக்குடிக்கும் இன்னொரு தடவை போகட்டும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஹாஸ்டல் பக்கம் போய் மூன்றாம் வருடப் பிள்ளைகளிடம் பேசட்டும், நம் மாவட்டத்துப் பிள்ளை நிச்சயம் ஒன்றாவது இருக்கும். தண்ணீர் எத்தனை மணிக்கு வருகிறது, காய்ச்சல் வந்தால் யார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவார்கள், ஆய்வகத்தில் கையால் செய்கிறீர்களா அல்லது சார் செய்வதை நின்று பார்க்கிறீர்களா. கடைசிக் கேள்வியை மட்டும் எந்தக் கல்லூரியிலும் விட்டுவிடக் கூடாது. ஆய்வகப் பதிவேட்டைப் புரட்ட விட்டார்கள் என்றால் கடைசித் தேதி எப்போது என்று பார்க்கட்டும்.

வேலை வாய்ப்புப் படங்களை நம்ப வேண்டாம். அதில் இருப்பவர் எந்தப் பிரிவு, அந்தப் பிரிவில் மொத்தம் எத்தனை பேர் படித்தார்கள் என்று எழுதியிருக்க மாட்டார்கள். மத்திய அரசின் என்ஐஆர்எஃப் தரவரிசைக்குக் கொடுக்கிற விவரத்தைக் கல்லூரிகள் தங்கள் இணையதளத்தில் வைத்திருக்கும். எத்தனை பேர் வேலைக்குப் போனார்கள், மீடியன் சம்பளம் எவ்வளவு என்று அதில் இருக்கும். மீடியன் என்றால் வரிசையில் நடுவில் நிற்பவர் வாங்குவது, உங்கள் மகள் எதிர்பார்க்க வேண்டியது அந்தத் தொகையைத்தான். தன்னாட்சி இல்லாத இணைப்புப் பொறியியல் கல்லூரிகளின் செமஸ்டர் தேர்ச்சி விகிதத்தை அண்ணா பல்கலைக்கழகமே வெளியிடுகிறது, அதையும் பார்க்கலாம்.

என் கருத்தைக் கேட்டால், சென்னையை விட்டுவிடுங்கள். மீதி இரண்டில் எது என்று நானும் சொல்ல மாட்டேன், நீங்களும் சொல்லாதீர்கள், அவள் சொல்லட்டும். கம்ப்யூட்டர்தான் பிடித்திருக்கிறது என்றால் கவுன்சிலிங்கில் அந்தப் பிரிவை வேறு அரசுக் கல்லூரிகளுக்கும் வரிசையாகப் போட்டு வைக்கலாம், எத்தனை விருப்பம் வேண்டுமானாலும் கொடுக்கலாம். வீட்டுக்காரரிடம் மட்டும் ஒன்று சொல்லுங்கள்: ரயில் வசதி நல்ல காரணம்தான், ஆனால் பிள்ளை ஊருக்கு வருவது மாதத்துக்கு ஒரு தடவை, வகுப்பில் உட்காருவது தினமும்.

கேள்வி: அக்கா, நான் தேவிபட்டினம். ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் முதல் வருடப் பணமும் ஒரிஜினல் டி.சி., மார்க் ஷீட்டும் கொடுத்துவிட்டேன். இப்போது கவுன்சிலிங்கில் அரசுக் கல்லூரி கிடைத்திருக்கிறது. பணம் திரும்ப வராது, சர்ட்டிஃபிகேட்டும் நான்கு வருடத்துக்கான பணம் கட்டினால்தான் என்கிறார்கள். அப்பா பயப்படுகிறார்.
— பிளஸ் டூ முடித்த மாணவன்

பதில்: தம்பி, அப்பாவைப் பயப்பட வேண்டாம் என்று சொல். நான்கு வருடப் பணம் கேட்பது வெறும் மிரட்டல். ஒரிஜினல் சான்றிதழைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும், தன்னிடம் வைத்துக்கொள்ளக் கல்லூரிக்கு உரிமை கிடையாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2018-லேயே சொல்லிவிட்டது, பொறியியல் கல்லூரிகளை ஒழுங்குபடுத்தும் ஏஐசிடிஇயின் விதியும் அதுதான். வகுப்பு தொடங்குவதற்கு முன் விலகினால் 1,000 ரூபாய்க்கு மேல் பிடிக்காமல் கட்டிய பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்பது ஏஐசிடிஇயின் விதி.

வாயால் கேட்டுக்கொண்டிருக்காதே. சேர்க்கையை ரத்து செய்யக் கேட்டு முதல்வருக்கு ஒரு கடிதம் எழுது, தேதி போடு, பணம் கட்டிய ரசீதின் நகலை இணை, ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, சேர்ந்ததற்கான ஒப்புகையும் கேட்டு வாங்கு. அதே கடிதத்தைக் கல்லூரியின் மின்னஞ்சலுக்கும் அனுப்பு. எந்தத் தேதியில் விலகினாய் என்பதை வைத்துத்தான் பணம் கணக்காகும், அதனால் நாளைக்கு என்று தள்ளாதே. பதில் இல்லை என்றால் ஏஐசிடிஇ இணையதளத்தில் புகார் பதியலாம், கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர் நாளில் மனுவும் கொடுக்கலாம். கிடைத்த அரசு இடத்தை உறுதி செய்யக் கவுன்சிலிங்கில் கொடுத்திருக்கிற கெடுவை மட்டும் தவற விட்டுவிடாதே. சான்றிதழ் கையில் இல்லை என்ற நிலைமையைச் சேர்க்கை நாளுக்கு முன்பே அந்த அரசுக் கல்லூரியிடம், தபால் ரசீதையும் காட்டி, எழுத்தில் தெரிவித்து அவகாசம் கேள்.