வாசகர் கேள்வி – பதில்: மூன்று செயலிகள், மூன்று வானிலைகள்

கேள்வி: என் கைப்பேசியில் மூன்று வானிலைச் செயலிகள் உள்ளன. நாளை மாலைக்கு ஒன்று இடியுடன் கூடிய மழை என்கிறது. இன்னொன்று லேசான தூறல் என்கிறது. மூன்றாவது சூரியன் படத்தைக் காட்டுகிறது. மூன்றும் பார்ப்பது ஒரே வானத்தைத்தானே? இவற்றில் எதை வைத்துக்கொள்வது, எதை நீக்குவது?

பதில்: அந்தச் செயலிகளில் எதுவுமே வானத்தைப் பார்ப்பதில்லை. வானத்தைப் பார்ப்பவை செயற்கைக்கோள்களும், ரேடார்களும், தரையிலுள்ள வானிலை நிலையங்களும், மேலே அனுப்பப்படும் பலூன்களும். இவை திரட்டித் தரும் அளவீடுகளைக் கொண்டு உலகம் முழுவதற்குமான கணக்கைப் போடும் மையங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். வளிமண்டலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் காற்றும் வெப்பமும் ஈரமும் அடுத்தடுத்த மணிகளில் எப்படி மாறும் என்று அவற்றின் மீக்கணினிகள் கணக்கிடுகின்றன. இந்தக் கணக்குமுறையைத்தான் ‘மாதிரி’ என்கிறார்கள். ஐரோப்பிய நடுத்தரக் கால வானிலை முன்கணிப்பு மையத்தின் மாதிரியில் ஒரு கட்டத்தின் அகலம் சுமார் 9 கிலோமீட்டர், அமெரிக்காவின் ஜி.எஃப்.எஸ்., ஜெர்மனியின் ஐகான் ஆகிய மாதிரிகளில் சுமார் 13 கிலோமீட்டர். நம் கையிலுள்ள செயலிகளில் பெரும்பாலானவை இவற்றுள் ஒன்றிலிருந்தோ பலவற்றிலிருந்தோ எண்களைப் பெற்று, தம் பங்குக்குச் சில திருத்தங்களைச் செய்து, படம் போட்டுக் காட்டுபவையே.

ஆகவே ஒரு செயலியின் அழகைப் பார்ப்பதற்கு முன், அதன் அமைப்புகளுக்குள் சென்று, தரவு எங்கிருந்து வருகிறது என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். அதைச் சொல்லாத செயலியை நான் முதலில் நீக்குவேன். இரண்டு செயலிகள் ஒரே பதிலைச் சொன்னால் செய்தி உறுதி என்று எண்ணிவிடுகிறோம். இரண்டும் ஒரே மாதிரியிலிருந்து எடுத்தவையாக இருந்தால், ஒரே சாட்சி சட்டையை மாற்றிக்கொண்டு இரண்டாம் முறை கூண்டில் ஏறியதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. வெவ்வேறு மாதிரிகள் ஒத்துப்போகும்போதுதான் நம்பிக்கைக்கு இடமுண்டு. விண்டி செயலியில் மேற்சொன்ன மூன்று மாதிரிகளையும் மாற்றி மாற்றிப் பார்த்து ஒப்பிடலாம். நார்வேயின் வானிலை நிறுவனமும் அந்நாட்டின் பொது ஒலிபரப்பு நிறுவனமும் இணைந்து 2007 முதல் நடத்திவரும் ஒய்.ஆர். செயலிக்குக் கட்டணமும் இல்லை, விளம்பரமும் இல்லை. ஒப்பிட்டுப் பார்க்கும் பொறுமை உள்ளவருக்கு முன்னது. ஒரே பார்வையில் விடை வேண்டுபவருக்குப் பின்னது.

உங்கள் மூன்று செயலிகளின் சண்டை, படங்களின் சண்டையாகவும் இருக்கக்கூடும். இருபத்துநான்கு மணி நேரத்தில் ஒரே ஒரு மணிக்கு இடிமழை வாய்ப்பு இருந்தாலும் நாள் முழுவதற்கும் மின்னல் படத்தை ஒட்டிவிடும் செயலியும் உண்டு. பெரும்பகுதி வெயில்தானே என்று சூரியனைப் போடும் செயலியும் உண்டு. எண் ஒன்று, படம் இரண்டு. எனவே முகப்புப் படத்தை விட்டுவிட்டு, மணிவாரிப் பக்கத்தில் மழையின் சதவீதத்தையும் மில்லிமீட்டர் அளவையும் பாருங்கள். அத்துடன், எப்போது போட்ட கணக்கு என்பதும் முக்கியம். ஜி.எஃப்.எஸ். மாதிரி ஒரு நாளைக்கு நான்கு முறை புதிதாக இயக்கப்படுகிறது. ஒரு செயலி காலைக் கணக்கையும் இன்னொன்று முந்தைய இரவின் கணக்கையும் காட்டிக்கொண்டிருந்தால் முரண்பாடு இயல்பே.

எது உங்களுக்குப் பொருந்தும் என்பதை நீங்களே சோதித்துத்தான் அறிய முடியும். 9 கிலோமீட்டர் கட்டத்துக்குள் ஒரு மலைச்சரிவும் பள்ளத்தாக்கும் சேர்ந்தே இருக்கலாம். மாதிரிக்கு அந்தக் கட்டம் முழுவதும் ஒரே சராசரி உயரம். ஒரு கிலோமீட்டர் ஏறினால் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும் என்னும்போது, அந்தச் சராசரிக்கு மேலேயோ கீழேயோ குடியிருப்பவருக்குச் செயலி நாள்தோறும் பொய் சொல்வதாகத் தோன்றும். கடற்கரையோரமும் அப்படித்தான். ஒரு மாதம், தினமும் ஒரே நேரத்தில், மறுநாளுக்கு மூன்று செயலிகளும் சொல்வதைக் குறித்துவைத்து, மறுநாள் நடந்ததையும் பக்கத்தில் எழுதிவாருங்கள்.

மதிப்பெண் போடும்போது மட்டும் ஓர் எச்சரிக்கை. 1884ஆம் ஆண்டில் ஃபின்லி என்ற அமெரிக்க ராணுவ அதிகாரி, சுழற்காற்று வருமா வராதா என்று 2,803 முன்னறிவிப்புகளைச் செய்து, அவற்றில் 96.6 சதவீதம் சரியாக அமைந்ததாகக் காட்டினார். ‘சுழற்காற்று வராது’ என்று நாள்தோறும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருந்தால் 98.2 சதவீதம் கிடைத்திருக்கும் என்று மற்றவர்கள் உடனே சுட்டிக்காட்டினார்கள்! வறண்ட மாதத்தில் ‘மழை இல்லை’ என்று சொல்லி முழு மதிப்பெண் வாங்கும் செயலியும் இந்த வகைதான். ஆகையால் மழை பெய்த நாள்களில் எத்தனையை முன்பே சொன்னது, சொன்னவற்றில் எத்தனை பொய்த்தன என்ற இரண்டையும் தனித்தனியே எண்ணுங்கள். மழைக்காலத்தில் சோதிப்பது மேலும் நல்லது.

கேள்வி: ‘மழை வாய்ப்பு 30 சதவீதம்’ என்றால் ஊரில் முப்பது சதவீதப் பகுதியில் பெய்யும் என்று பொருளா, அல்லது நாளில் முப்பது சதவீத நேரம் பெய்யும் என்று பொருளா?

பதில்: இரண்டும் இல்லை. நீங்கள் இருக்கும் இடத்தில், குறிப்பிட்ட நேரத்துக்குள், அளவிடக்கூடிய மழை பெய்வதற்கான வாய்ப்பு அது. 30 சதவீதம் என்று சொல்லப்பட்ட நாள்கள் நூறை எடுத்துக்கொண்டால், ஏறக்குறைய முப்பது நாள்களில் மழை பெய்திருக்க வேண்டும்; பெய்யாத எழுபது நாள்களும் அந்தக் கணிப்பின் வெற்றியில் சேர்ந்தவையே. அமெரிக்க வானிலைச் சேவையில் 0.01 அங்குலம், அதாவது சுமார் கால் மில்லிமீட்டர் பெய்தாலே அது மழைக் கணக்கில் வந்துவிடும். எனவே 80 சதவீதம் என்பது பெருமழை என்று பொருள்படாது. உறுதியான தூறலாகவும் இருக்கலாம்.

கேள்வி: ஒரு செயலி 10 நாள்களுக்குச் சொல்கிறது, இன்னொன்று 45 நாள்களுக்குச் சொல்கிறது. கூடுதலாகச் சொல்வதுதானே சிறந்தது?

பதில்: அந்த 45 நாள்களின் பிற்பகுதியில் பெரும்பாலும் இருப்பது, அந்தப் பருவத்தின் பல்லாண்டுச் சராசரியும் அதன்மேல் பூசப்பட்ட துணிச்சலும்தான். தொடக்க அளவீட்டில் உள்ள மிகச் சிறு பிழைகூட நாளாக நாளாகப் பெருகி முழுக் கணக்கையும் விழுங்கிவிடும் என்று அமெரிக்க வானிலை அறிஞர் எட்வர்ட் லோரன்ஸ் 1963இல் காட்டினார். ஏறக்குறைய இரண்டு வாரங்களே நாள்வாரிக் கணிப்பின் எல்லை என்று பொதுவாகக் கொள்கிறார்கள். அமெரிக்கக் கடல், வளிமண்டல நிர்வாகம் தரும் பொதுவான அளவின்படி, 5 நாள் கணிப்பு ஏறத்தாழ 90 சதவீதமும் 7 நாள் கணிப்பு 80 சதவீதமும் சரியாக அமையும். 10 நாள்களைத் தாண்டினால் பாதியளவே.

இந்தத் தடுமாற்றத்தை மறைக்காமல் காட்டும் செயலியே நேர்மையானது. ஐரோப்பிய மையம் தொடக்க நிலையைச் சிறிது சிறிது மாற்றி 51 முறை கணக்கிடுகிறது. அந்த விடைகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு விலகுகின்றனவோ, கணிப்பில் அவ்வளவு ஐயம் இருக்கிறது என்று பொருள். பத்தாம் நாளின் வெப்பநிலையை ஒற்றை எண்ணாகச் சொல்லாமல், ‘இதிலிருந்து இதுவரை’ என்று வீச்சாகக் காட்டும் செயலி கிடைத்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் புதிதாக நிறுவிய இலவசச் செயலி, ‘எப்போதும் இருப்பிடத்தை அறிய அனுமதி’ கேட்கிறது. கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டிய தேவை பெரும்பாலும் இல்லை. கட்டத்தின் அகலமே பல கிலோமீட்டராக இருக்கும்போது, நீங்கள் எந்தத் தெருவில் எந்த வீட்டில் நிற்கிறீர்கள் என்பது முன்கணிப்புக்குப் பயன்படாது, விளம்பரக்காரருக்குப் பயன்படும். 2019 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் அரசு வழக்கறிஞர், தி வெதர் சேனல் செயலி பயனர்களின் இருப்பிடத் தகவலை எதற்கெல்லாம் பயன்படுத்துகிறது என்பதைத் தெளிவாகச் சொல்லவில்லை என்று வழக்குத் தொடுத்தார். 2020இல் அது சமரசத்தில் முடிந்தது. ஆண்ட்ராய்டு 12 முதலும் ஐ.ஓ.எஸ். 14 முதலும், துல்லிய இருப்பிடத்துக்குப் பதிலாகத் தோராய இருப்பிடத்தை மட்டும் தரும் வசதி இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்து, ‘பயன்படுத்தும்போது மட்டும்’ என்று வையுங்கள். அல்லது அனுமதியே தராமல் ஊர்ப் பெயரைத் தட்டச்சு செய்துவிடுங்கள். அடுத்த சில நிமிடங்களில் மழை வரும் என்று ரேடாரைக் கொண்டு எச்சரிக்கும் வசதி வேண்டுமென்றால் மட்டும் இந்த முடிவை மாற்றிக்கொள்ளலாம்.

கேள்வி: நல்ல செயலி ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டால், புயல் எச்சரிக்கைக்கும் அதையே நம்பலாமா?

பதில்: கூடாது. புயல், பெருவெள்ளம் போன்றவற்றுக்கு உங்கள் நாட்டின் அதிகாரபூர்வ வானிலைத் துறை வெளியிடும் எச்சரிக்கையே முதன்மையானது. ஏனெனில் அங்கே பல மாதிரிகளையும் ரேடார் படங்களையும் ஒருசேரப் பார்த்து மனிதர்கள் முடிவெடுக்கிறார்கள். அத்துறையின் எச்சரிக்கையை அப்படியே எடுத்துத் தருகிற செயலியாக இருந்தால் அதன் அறிவிப்பு ஒலியை அணைக்காதீர்கள். செயலி சூரியனைக் காட்ட, துறை எச்சரிக்கை விடுத்திருந்தால், துறையின் சொல்லைக் கேளுங்கள்.