போரில் சிறைபிடிபட்ட குண்டுவீச்சு விமானியின் வாழ்க்கை எத்தகையது?

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரிடம் பிடிபட்ட விமானிகளுள் பீட்டர் ஸ்டீவன்ஸின் நிலை தனித்தன்மை வாய்ந்தது; ஏனெனில், பிரிட்டிஷ் விமானப்படைச் சீருடையில் இருந்த அவர், ஜெர்மனியின் ஹனோவரில் 1919-இல் பிறந்த கெயார்க் ஹைன் என்னும் யூதர். இங்கிலாந்தில் படித்த அவர், போர் மூண்டதும், இறந்துபோன பள்ளித்தோழன் ஒருவனின் பெயரைச் சூடிப் படையில் சேர்ந்தார். 1941 செப்டம்பரில் பெர்லின்மீது குண்டுவீசித் திரும்புகையில், சேதமடைந்த ஹாம்ப்டன் விமானத்தை ஆம்ஸ்டர்டாம் அருகே தரையிறக்கிப் பிடிபட்டார். மற்றக் கைதிகளுக்கு, போர்க்கைதிகளை மனிதத்தன்மையோடு நடத்தக் கோரும் ஜெனீவா உடன்படிக்கை ஓரளவேனும் அரணாக இருந்தது. இவருடைய உண்மைப் பெயர் வெளிப்பட்டிருந்தாலோ, துரோகி என்றே கொன்றிருப்பார்கள். அந்நிலையிலும் அவர் ஒடுங்கிக் கிடக்கவில்லை என்பதுதான் வியப்பு: ஜெர்மனியின் வார்பர்க் போர்க்கைதி முகாமில் ஜெர்மானியக் காவலர் வேடமிட்டு, சக கைதிகளை வெளியே அழைத்துச் செல்பவர்போல் வாயிலைக் கடக்க முயன்றார் (தாய்மொழியே ஜெர்மன் ஆயிற்றே!). அது பலிக்கவில்லை. 1945 வரை சிறையிலிருந்த அவருக்கு, தப்பிக்கும் முயற்சிகளுக்காக, 1946-இல் மிலிட்டரி கிராஸ் என்னும் பிரிட்டிஷ் வீர விருது வழங்கப்பட்டது.